நிழலை ஏன் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லாத காரணம்

ஐயா, தங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. முப்பத்தாறு ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான பண்ணைக்காட்டுக்குத் திரும்பி, தகப்பனார் விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டத்தைப் பார்த்துவருகிறீர்கள். பிள்ளைகள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் தாங்கள் சொல்ல வருவதைக் காதில் வாங்குவதில்லை. கற்றது எதையும் யாரிடமும் கொடுக்க முடியாமலே போய்விடுமானால் இத்தனை ஆண்டு வாழ்ந்ததற்கு என்ன பொருள் என்று கேட்கிறீர்கள். தாண்டிக்குடிப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையிலும், தங்களைப் போலவே இரண்டு ஏக்கர் காபியோடு நாளைக் கழிக்கிறவள் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாழ்வின் பொருள் எது என்பதும், அறிந்ததை அடுத்தவர் கையில் எப்படிச் சேர்ப்பது என்பதும் என் அனுபவத்தில் ஒரே கேள்விதான். ஆகவே இரண்டையும் பிரித்துப் பேசப் போவதில்லை.

1994-ஆம் ஆண்டு கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்தது. அதே ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் பிரேசில் நாட்டுக் காபித் தோட்டங்களில் உறைபனி விழுந்ததால் உலகச் சந்தையில் காபியின் விலை மளமளவென்று ஏறியது. கீழ்ப்பழனி மலையில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்தவர்களும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். காபிச் செடிக்கு நிழல் தரும் மரங்களைக் குறைத்தால் வெயில் இறங்கும், வெயில் இறங்கினால் பூ கூடும், பூ கூடினால் காய் கூடும் என்பது அன்று எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. அந்த மட்டில் அது பொய்யும் அல்ல. நானும் என் கணவரும் எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்திலிருந்து நின்ற பலா, அத்தி, சந்தன வேம்பு மரங்களில் பெரும்பகுதியை 1995-இல் வெட்டி விற்றுவிட முடிவு செய்தோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, "வேண்டாம் தாயி, நிழல எடுத்தாச் செடி செத்துப் போகும்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். ஏன் என்று கேட்டேன். "எங்க அய்யா காலத்துலயே எடுத்ததில்ல" என்றார். படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அது காரணமாகவே படவில்லை. மரங்கள் போயின.

முதல் இரண்டு பருவங்கள் நாங்கள் நினைத்தபடியே விளைந்தன. 1998-இல் நல்ல காய்ப்பில் இருந்த அரபிகா வகைக் காபிச் செடிகள் ஒவ்வொன்றாக இலை மஞ்சளித்து, கிளை தொங்கி, காய்ந்துபோயின. காபி வாரியத்தின் விரிவாக்க அலுவலர் ஒருவர் வந்து, காய்ந்த செடியின் தண்டை அரிவாளால் பிளந்து காட்டினார். உள்ளே தண்டின் நெடுக்கு முழுவதும் புழு குடைந்த வழி, அரைத்த மரத்தூளால் அடைபட்டுக் கிடந்தது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்பது அதன் பெயர்; எங்கள் பக்கத்தில் 'போரர்' என்றே சொல்வோம். அதன் தாய் வண்டு வெயில் படும் தண்டைத் தேடி வந்து, பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். நிழல் அடர்ந்த தோட்டம் அதற்கு உகந்ததல்ல. ஏப்ரல், மே மாதங்களிலும் மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டு பறக்கும். பட்டைக்குள் புகுந்துவிட்ட புழுவுக்கு மருந்து எட்டாது. செடியை அடியோடு பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. நாங்கள் ஏறத்தாழப் பாதித் தோட்டத்தை அப்படி எரித்தோம். எரித்த புகை அடங்கிய நேரத்தில் காபி விலையும் கீழே வந்திருந்தது.

அன்று மாலை அப்பாவிடம் போய் அமர்ந்து, இந்த முறை வேறு விதமாகக் கேட்டேன். "அய்யா, நிழல் எடுத்துச் செடி செத்ததை நீங்கள் எங்கேயாவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?" அவர் சற்றும் தயங்காமல் சொல்லத் தொடங்கினார். அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஓடைக்கு அப்பால் இருந்த ஒரு தோட்டத்தில் மரங்களைக் கரிக்காக வெட்டினார்களாம். மூன்றாம் ஆண்டு அந்தச் சரிவு முழுக்கச் செடி பட்டுப்போக, தோட்டக்காரர் குடும்பத்தோடு வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய்விட்டாராம். காய்ந்த செடிகளை விறகுக்கு உடைக்கப் போன தன் தகப்பனோடு இவரும் போய், தண்டுக்குள் வெள்ளைப் புழு நெளிவதைப் பார்த்திருக்கிறார். அலுவலர் பிளந்து காட்டியதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அவர் பார்த்துவிட்டிருந்தார். அந்தக் காட்சியை எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை. முடிவு மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது, அதை நான் தள்ளிவிட்டேன்.

தங்கள் பேரப்பிள்ளைகள் காது கொடுப்பதில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த மாலைதான். பெரியவர்களாகிய நாம் நாற்பது ஆண்டு பட்டதையெல்லாம் வடிகட்டி, "இதைச் செய், இதைச் செய்யாதே" என்று ஒரு வரியாக்கிக் கொடுக்கிறோம். அந்த வரி நமக்குக் கனமானது. ஏனென்றால் அதற்குப் பின்னால் ஓர் இடமும், ஒரு நாளும், ஒரு முகமும், ஓர் இழப்பும் நம் நெஞ்சில் இருக்கின்றன. கேட்கிற பிள்ளைக்கோ அந்த ஒரு வரி மட்டுமே போய்ச் சேருகிறது. கையில் வெறும் சக்கையை வைத்துவிட்டு, அது ஏன் இனிக்கவில்லை என்று நாம் வருந்துகிறோம். ஆகவே நான் முதலில் வேண்டிக்கொள்வது, அறிவுரையைக் கொடுக்காதீர்கள், அது பிறந்த நிகழ்ச்சியைக் கொடுங்கள் என்பதுதான். அதிலும் தாங்கள் தோற்ற நிகழ்ச்சிகளைக் கூசாமல் கொடுங்கள். வென்ற கதையைப் பிள்ளைகள் பெருமையடிப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள்; தாத்தா தவறு செய்த கதைக்கு அருகில் வந்து உட்காருகிறார்கள். என் பேத்தி 'தோட்டத்தை எரித்த கதை'யை என்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று எனக்குக் கணக்கில்லை.

பேச்சே இல்லாமலும் அறிவு கைமாறும் என்பதை எனக்குக் கற்பித்தவன் எட்டு வயதுப் பையன் ஒருவன். பளியர் என்ற மலைப் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்தவன் அவன். மூன்றாம் வகுப்பில் அவன் வாய்பாடு ஒப்பிக்கவில்லை என்பதால் மந்தமான பிள்ளை என்று பதிவேட்டில் எழுதினேன்; அப்படி எழுதியதற்காக இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஒரு நாள் பிள்ளைகளோடு காட்டோரம் நடந்தபோது அவன் ஒரு கொடியைப் பார்த்து நின்று, இலையின் நிறத்தைக் கொண்டே கிழங்கு முற்றிவிட்டது என்று சொல்லி, குச்சியால் தோண்டி எடுத்தான். எடுத்த பின் கிழங்கின் தலைப்பகுதியை மட்டும் கொடியோடு ஒடித்து மறுபடி குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி மூடி, மிதித்துவிட்டான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, கேள்வியே விளங்காதவன் போல விழித்தான். யாரும் சொல்லவில்லை, அம்மா பின்னால் போனான், அவள் செய்ததைப் பார்த்தான், அவ்வளவுதான். அவர்கள் குடியிருப்புக்குப் பல முறை சென்றிருக்கிறேன். பிள்ளையை அதட்டி ஏவும் குரலை அங்கே அரிதாகவே கேட்டிருக்கிறேன். பெரியவர் வேலை செய்வார், பிள்ளை பக்கத்தில் இருக்கும். நாம் பிள்ளைகளை வேலை நடக்கும் இடத்திலிருந்து அப்புறப்படுத்திக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, பிறகு சொற்களால் அந்த வேலையைக் கற்பிக்க முயல்கிறோம்.

இங்கே ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நான் பழையதெல்லாம் பொன் என்று சொல்வதாக ஆகிவிடும். நம் மலையின் விருப்பாச்சி வாழைக்கு வந்த முடிக்கொத்து நோய் தங்களுக்குத் தெரியும். இலைகள் குறுகி, நிமிர்ந்து, கொத்தாக நிற்கும். மரம் குலை தள்ளாது. அந்த நோயை உண்டாக்கும் நச்சுயிரியை அசுவினிப் பூச்சி ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் என்றாலும், தோட்டம் விட்டுத் தோட்டம் அது பரவியதற்குப் பெருங்காரணம் கன்றுகள். நோய் கண்ட தாய்மரத்தின் கன்று, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நோயோடுதான் வரும். அப்பன் தோட்டத்துக் கன்று என்று ஆசையாக வாங்கிப்போய் நட்டவர்களெல்லாம் நோயையும் சேர்த்து நட்டார்கள். ஒரு காலத்தில் மலைச்சரிவு முழுக்க நின்ற வாழை கண்ணெதிரே சுருங்கிப்போனது. பிறகு நோயற்ற தாய்மரங்களைச் சோதித்துத் தேர்ந்து, திசு வளர்ப்பில் கன்று உண்டாக்கிக் கொடுத்த பிறகே மறுபடி நம்பி நட முடிந்தது. 

நாம் கொடுக்கும் அறிவிலும் அப்படி நோய் இருக்கக்கூடும். என் அப்பா தோட்டத்தைப் பற்றிய நுட்பங்களையெல்லாம் என் தம்பியிடமே சொல்லிவந்தார். தம்பி பனியன் தொழிலுக்குத் திருப்பூர் போனான். தோட்டத்தில் நின்றவள் நான். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்ற எண்ணம் அவர் தகப்பனிடமிருந்து அவருக்கு வந்தது. நிழல் மரத்தைக் காக்கும் அறிவும் அதே தகப்பனிடமிருந்துதான் வந்தது. இரண்டும் ஒரே கன்றில் வந்தன. வேலைக்கு வருகிறவர்களைத் தனிக் குவளையில் காபி குடிக்கவைத்ததும், பளியரைப் பெயர் சொல்லாமல் 'டேய்' என்று அழைத்ததும் பெரியவர்களைப் பார்த்தே நாம் கற்றவைதாம். அடுத்தவர் கையில் கொடுக்கும் முன், தாங்கள் கொடுக்க நினைப்பதைத் தண்டைப் பிளந்து பார்ப்பதுபோல் ஒரு முறை பிளந்து பாருங்கள். எதை என்னோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்வதும், எதைக் கொடுப்பது என்று தேர்வதற்குக் குறையாத பெரிய கடமை. அதைச் செய்து முடித்தவர் வாழ்வைப் பொருளற்றது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

1994-இல் பூத்த குறிஞ்சியை அப்பாவோடும் அப்போது ஆறு வயதாயிருந்த என் மகனோடும் கொடைக்கானலுக்குப் போய்ப் பார்த்தேன். 2006-இல் மகனோடு போனேன், அப்பா இல்லை. 2018-இல் மகன் தன் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தான். அடுத்தது 2030. குறிஞ்சி பூத்த கணக்கை வைத்து மலைமக்கள் வயதைச் சொல்வதுண்டு என்பார்கள். அப்படி எண்ணினால் ஒரு மனித வாழ்வு ஆறேழு பூப்புதான். ஆனால் அந்தச் செடியைப் பற்றி என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து ஒரே முறை பூக்கும் செடி, விதை முற்றியதும் செத்துவிடுகிறது. மலையெல்லாம் ஒரே வயதில் நின்ற செடிகள் ஒன்றாகவே காய்ந்துபோகின்றன. பிறகு மழை விழுந்து விதை முளைக்கும்போது, பக்கத்தில் மூத்த செடி என்று ஒன்றும் இருப்பதில்லை. குறிஞ்சிக்குத் தன் கன்றின் முகத்தைப் பார்க்கும் கொடுப்பினை இல்லை. தெரிய வேண்டியது அத்தனையும் விதைக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

நமக்கு அப்படி இல்லை. நமக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஒன்றாக இருக்கக் கிடைக்கின்றன. மனிதன் கற்றதெல்லாம் அந்தச் சேர்ந்திருக்கும் ஆண்டுகளுக்குள்தான் கைமாறி வந்திருக்கிறது. தாண்டிக்குடியைச் சுற்றி நிற்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்த பாதிரியார்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பு மலை மலையாக ஏறி அவற்றைப் பதிவு செய்தார்கள். அவ்வளவு பெரிய பலகைக் கல்லைப் பெயர்த்து, நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றிய கை எப்படி வேலை செய்தது என்று இன்று இந்த மலையில் சொல்ல ஒருவரும் இல்லை. கல் நிற்கிறது. அதைத் தூக்கிய நுட்பமோ, எங்கோ ஒரு தலைமுறையில், பக்கத்தில் நின்று பார்க்கப் பிள்ளை இல்லாமல் போனதால் அறுந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் கண் முன்னே வாங்கிக்கொள்ள ஒரு பிள்ளை இல்லாதவரின் நிலை என்ன என்று கேட்கலாம். தங்கள் கேள்வியின் அடியில் அந்த அச்சமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கொடைக்கானலில் 1899-இல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். 1909-இல் அங்கே எவர்ஷெட் என்ற அறிஞர், சூரியன் மேல் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். அந்த விளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான். அது பெரிய பெயர், பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் என் மனத்தில் நிற்பவர்கள், அங்கே வானம் தெளிந்த நாள்தோறும் சூரியனைப் படம் பிடித்துத் தேதியிட்டு அடுக்கிவைத்த பணியாளர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நூறு ஆண்டுக்கும் மேலாக அந்த வேலை தொடர்ந்திருக்கிறது. சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்குச் சுமார் பதினோரு ஆண்டுகள் ஆகும். ஒருவர் தம் பணிக்காலம் முழுக்க நின்றாலும் மூன்று சுற்றுக்கு மேல் பார்க்க முடியாது. மூன்று சுற்றை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் எடுத்தார்கள். அந்தப் படங்கள் பதிந்த பழைய கண்ணாடித் தகடுகள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு, அவற்றை எடுத்தவர்கள் கனவிலும் காணாத கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. தன் கைக்கு வரும் ஒரு நாளை நேர்மையாகப் பதிந்து, அதில் தேதியைப் போட்டு, அடுத்தவர் எடுக்கும்படி வைத்துவிட்டுப் போவது போதுமான வாழ்வு என்று நான் நம்பத் தொடங்கியது அந்த ஆய்வகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற ஒரு நாளில்தான்.

அதனால்தான் தங்களை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்கிறேன். வாழ்க்கை வரலாறு எழுத வேண்டாம். அதை எழுத உட்கார்ந்தால் மறுபடி முடிவுகளைத்தான் எழுதுவோம். காபியைப் பூக்கவைக்கும் பூ மழை எந்தத் தேதியில் விழுந்தது, அதற்கு எத்தனை நாள் கழித்துப் பூ விரிந்தது, எந்தச் சரிவில் போரர் முதலில் கண்டது, எந்த மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடி தாங்கியது, எந்த ஆண்டு ஓடை வற்றியது என்று எழுதுங்கள். வாசிக்கப் போகிறவர் தங்கள் பேரனாகவும் இருக்கலாம், முப்பது ஆண்டு கழித்து அந்த நிலத்தை விலைக்கு வாங்கும் முன்பின் தெரியாத ஒருவராகவும் இருக்கலாம். நிலத்துக்கு இருவரும் ஒன்றுதான். இரத்த உறவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தளர்த்தினால் பாதிக் கவலை போய்விடும். தங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் இளைஞர் கவாத்துக் கத்தியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று தங்களிடம் கற்றுக்கொண்டால், அவரும் தங்கள் வாரிசுதான்.

பேரப்பிள்ளைகளுக்கு எந்த நேரத்தைக் கொடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பூம்பாறையில் பூண்டு விவசாயிகள் அறுவடையானதும் திரண்ட, நோயில்லாத பூண்டைத் தேர்ந்து விதைக்கு எடுத்துவைத்த பிறகே மற்றதை விற்பனைக்கு ஒதுக்குவார்கள். பூண்டுக்கு விதை என்று தனியே கிடையாது, பல்லையே ஊன்ற வேண்டும். நல்ல விலைக்கு ஆசைப்பட்டு நல்லதையெல்லாம் விற்றுவிட்டு மிஞ்சிய பொடிப்பூண்டை ஊன்றினால் அடுத்த முறை தோட்டம் முழுக்கப் பொடிதான். நாமோ நாளின் நல்ல நேரத்தையெல்லாம் வேறு வேலைகளுக்குக் கொடுத்துவிட்டு, களைத்துப்போய்த் தூக்கம் கண்ணைச் சுழற்றும் இரவில் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்துப் புத்தி சொல்கிறோம். காலையில், நடை தளராத நேரத்தில், தோட்டத்துக்குப் போகும்போது கூட்டிச் செல்லுங்கள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வா என்றுகூடச் சொல்ல வேண்டாம். இரு கையும் தேவைப்படும் வேலையைக் கொடுத்தால் போதும்.

பொங்கல் விடுமுறைக்கு வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். ஆளுக்கொரு சிறு கூடையை இடுப்பில் கட்டிவிட்டு, பழுத்துச் சிவந்ததை மட்டும் பறிக்கச் சொல்லி, அதே வரிசையில் தாங்களும் நில்லுங்கள். பேரன் அவசரத்தில் பச்சைக் காயையும் உருவிப் போடுவான். அந்த இடத்தில் திருத்தாதீர்கள். மாலையில் அவன் கூடையைத் தனியாகவே, பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தில் கொட்டி, அவன் கையாலேயே சுற்றவிடுங்கள். பழம் தோலுரிந்து கொட்டை வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் விழும்; பச்சைக் காய் உரியாமல் நசுங்கி வரும். அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, இது ஏன் தாத்தா இப்படி என்று கேட்பான். தங்கள் வாழ்நாளில் எந்தப் பருவத்தில் பச்சைக் காயைப் பறித்து என்ன இழந்தீர்கள் என்பதை அப்போது சொல்லுங்கள்.